முன்பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும் எங்கள் வளவின் பன்னிரண்டு மாதங்களும்

இலங்கையில் கட்டாயக் கல்வி 5 வயதிலிருந்து 16 வயது வரைக்கும் உரியது. ஜனவரி 31 ஆம் திகதியளவில் ஐந்து வயது நிறைந்த பிள்ளை அந்த ஆண்டில் தரம் 1 இல் சேர வேண்டும். அதற்கு முந்திய ஆண்டுகளில் பிள்ளை எங்கே, யாரிடம், எதைச் செய்துகொண்டு வளர வேண்டும் என்பதைச் சட்டம் வீட்டுக்கே விட்டிருக்கிறது. நாங்கள் அந்த ஆண்டுகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் முள்ளியவளைப் பக்கத்தில், வயலுக்கும் காட்டுக்கும் இடையில் இருக்கும் எங்கள் வளவில் மூத்தவள் முன்பள்ளிக்குப் போகாமலே வளர்ந்து, இப்போது தரம் 2 இல் படிக்கிறாள். நான்கு வயதான இளையவனும் அவ்வாறே வீட்டில் இருக்கிறான்.

இதற்காக என்னிடம் கேட்கப்படாத கேள்வி இல்லை. “பிள்ளைய ஏன் இன்னும் நேசறிக்கு விடேல்லை? நாளைக்குப் பள்ளிக்கூடத்தில மற்றப் பிள்ளையளுக்குப் பின்னுக்கு நிக்கப் போறான்” என்று மாமி சொல்வது கோபத்தால் அல்ல, பேரன் பின்தங்கிவிடக் கூடாது என்ற கவலையால்தான். முன்பள்ளிகள் மேல் எனக்கும் வெறுப்பு இல்லை. தாயும் தகப்பனும் கூலிக்குப் போகும் வீடுகளில் பிள்ளையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது அந்த முன்பள்ளிகள்தான். மிகக் குறைந்த கொடுப்பனவுக்கு அங்கே பாடுபடும் ஆசிரியைகளை நான் மதிக்கிறேன். என் மறுப்பு வேறு. மூன்றரை வயதுப் பிள்ளையின் கையில் நாற்கோட்டுக் கொப்பியைக் கொடுத்து, அகர வரிசையை வீட்டுவேலையாக எழுதி வரச் சொல்லும் வழக்கம், பெற்றோர் கேட்பதனாலேயே எங்கும் பரவிவிட்டது. நாட்டின் ஆரம்பக் கல்வித் திட்டமோ தரம் 1, 2 இரண்டையும் முதலாம் முதன்மை நிலை என வகுத்து, அங்கே விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும்தான் முதலிடம் கொடுக்கிறது. ஆறு வயதுப் பிள்ளைக்கே அரசு விளையாட்டை வைத்திருக்கும்போது, மூன்று வயதுப் பிள்ளைக்கு நாம் ஏன் எழுத்தை வைக்க வேண்டும்? அந்த வயதில் பிள்ளையின் கை தொட்டு, பிசைந்து, முறுக்கி, இழைத்து, நட்டுப் பழக வேண்டும். அதைச் செய்து முடித்த கை, பென்சிலைத் தானாகப் பிடிக்கும் என்று நான் நம்புகிறேன். மூத்தவளிடம் அதைப் பார்த்தும் இருக்கிறேன்.

எங்கள் ஆண்டு ஆடியில் தொடங்குகிறது. ஆடிப்பிறப்பன்று வறுத்த பயறும் தேங்காய்ச்சொட்டும் பனங்கட்டியும் சேர்ந்த கூழ் காய்ச்சுவோம். பலா இலையைக் கோலி ஈர்க்கினால் குத்தி, கூழ் குடிக்கும் கரண்டியைப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்வார்கள். அந்த மாதத்திலேயே பனம்பழம் விழத் தொடங்கும். விடியப்புறம் எழும்பு என்று யாரும் இளையவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடுகள் முந்திவிட்டால் சூப்பிய கொட்டைதான் மிஞ்சும் என்பது அவனுக்குத் தெரியும். பழத்தின் தோலை உரித்து, தும்போடு பிசைந்து களி எடுக்கும் வேலையில் முழங்கை வரை மஞ்சளாகிப் போவது அவனுக்கு ஆண்டின் பெரிய சந்தோஷம். களியைக் காய்ச்சி, சீனியும் மாவும் சேர்த்துப் பணியாரம் சுடுவது என் வேலை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும்போது பிள்ளைகள் குசினி வாசலைத் தாண்டுவதில்லை. மிச்சக் களியைப் பாயில் மெல்லிதாக ஊற்றி, அது காய்ந்ததும் அதன்மேல் மறுநாள் இன்னொரு படை ஊற்றி, அப்படியே பனாட்டாக்கிவிடுவோம்.

கணக்கு அங்கேதான் வந்தது. ஒரு பனம்பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டைகள் இருக்கும். சிலவற்றில் இரண்டு, அருமையாகச் சிலவற்றில் ஒன்று. மூத்தவள் நான்கு வயதில் இவற்றைப் பழத்துக்குப் பழம் தனித்தனியாக அடுக்கிக்கொண்டிருந்தவள், அடுத்த ஆடியில் “அம்மா, மூண்டு மூண்டா வைச்சா கெதியா எண்ணி முடிக்கலாம்” என்று வந்து சொன்னாள். மூன்றாம் வாய்ப்பாட்டின் பெயரே அவளுக்கு அப்போது தெரியாது. பாடசாலையில் வாய்ப்பாடு வரும் நாளில் அது அவளுக்கு ஏற்கெனவே கைபட்ட பொருளாக இருக்கும்.

மழைக்கு முன்பே கொட்டைகளைப் பாத்தியில் வைத்துவிட வேண்டும். மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று ஆக்கி, உயரமாகப் பாத்தி கட்டி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மெல்லிய மண்ணால் மூடுவோம். ஐப்பசி மழை பிடித்ததும், வாரத்துக்கு ஒரு கொட்டை என்று மெதுவாகத் தோண்டி எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். எடுத்தவற்றைச் சாக்கில் வரிசையாகப் போட்டால், பனை முளைக்கும் விதம் முழுவதும் கண்ணெதிரே இருக்கும். கொட்டையிலிருந்து முதலில் வருவது இலை அல்ல. வெள்ளையாக, குழாய் போன்ற ஒன்று கொட்டையை விட்டு நேரே மண்ணுக்குள் இறங்கும். குருத்து அதற்குள் இருந்தபடியே கீழே போகும். கிழங்கு திரள்வதும் அந்த ஆழத்தில்தான். இலை அதன் பிறகே மேலே வரும். கொட்டைக்குள்ளேயோ, பருப்பைக் கரைத்து உறிஞ்சி வளரும் பூரான் என்ற வெண்சதை பஞ்சுபோல உப்பியிருக்கும். அந்தப் பருவத்தில் கொட்டையைப் பிளந்தால் அதன் இனிப்புக்கு ஈடில்லை. “இது ஏன் மேல வராமக் கீழ போகுது?” என்று இளையவன் போன மாரியில் கேட்டான். வெயிலும் மாட்டின் வாயும் புல்லில் பிடிக்கும் தீயும் எட்டாத ஆழத்தில் குருத்து ஒளிந்துகொள்கிறது என்று நான் விளக்கியிருக்கலாம், அன்று விளக்கவில்லை. பாத்தியில் அவன் கையாலேயே ஓர் அடிக்குச்சியை நட்டு, எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அளக்கச் சொன்னேன். விளக்கத்தை அவன் அக்காதான் சில நாட்கள் கழித்துத் தன் பாஷையில் சொன்னாள்: “வெளிய வந்தா மாடு தின்னும் எண்டு பயத்தில உள்ளுக்க போகுது.”

மார்கழியிலும் தையிலும் கிழங்கு பிடுங்கும்போது அவித்துத் தின்பது ஒரு பங்கு. அவித்துக் கிழித்துக் காயவைத்துப் புழுக்கொடியலாக்குவது ஒரு பங்கு. அவிக்காமல் காயவைத்து ஒடியலாக்குவது இன்னொரு பங்கு. வெறும் கொட்டைகளான ஊமல்கள் காய்ந்து அடுப்புக்குப் போகும். ஒரு பழம் ஆடி தொடங்கி மாசி வரை வீட்டில் என்னென்னவாகிறது என்பதை முழுதாகப் பார்த்த பிள்ளைக்கு, எந்தப் பொருளும் கடையில் தொடங்கிக் குப்பையில் முடிவதில்லை என்பதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

பனையைப் பற்றிப் பேசினால் வன்னியில் வேறொன்றையும் பேசத்தான் வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போகும்போது பளை, முகமாலைப் பக்கத்தில் தலை இல்லாமல் நின்ற பனைகளைப் பார்த்து மூத்தவள் காரணம் கேட்டாள். பனைக்கு ஒரே குருத்துத்தான். அது போய்விட்டால் மா மரம் போலப் பக்கத்தில் கிளைத்து வர அதற்கு வழியில்லை என்பதைச் சொன்னேன். ஷெல் விழுந்து குருத்துப் போனது என்பதையும் சொன்னேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. நானும் அந்த வயதுக்கு அவ்வளவு போதும் என்று விட்டுவிட்டேன். கேட்கும் அளவுக்கு உண்மையைச் சொல்வது, கேட்காததைப் பிள்ளையின் தலையில் ஏற்றாமல் இருப்பது, இரண்டையும் நான் என் அம்மாவிடம் கற்றேன். இடம்பெயர்ந்த காலத்தில் தரப்பாளுக்குக் கீழே, கொப்பி இல்லாத நாட்களில் தரையில் கோடு கீறி எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர் அவர்.

ஆனால் ஓலை இழைக்க அம்மா எனக்குச் சொல்லித் தரவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. 2009 இல் முகாமுக்குள் இருந்தபோது, இழைப்பதற்கான பனங்குருத்தோலையான சார்வோலைக்கு எங்கே போவது? ஊருக்குத் திரும்பியபோது வீடு கட்டுவதும் கிணறு இறைப்பதும் முந்திக்கொண்டன. கடைகளில் பிளாஸ்டிக் சுளகும் கூடையும் வந்துவிட்டன. என் வயதுப் பெண்களில் பலர் நீத்துப்பெட்டியில் பிட்டு அவிக்கத் தெரிந்தவர்கள். நீத்துப்பெட்டி இழைக்கத் தெரியாதவர்கள். நான் மூத்தவள் பிறந்த பிறகு, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து கற்றேன். குருத்தோலையை வெயிலில் காயவிட்டு, இழைப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, ஈர்க்கை நீக்கி, எல்லா ஓலையும் ஒரே அகலமாக வரும்படி சத்தகம் என்ற சிறு கத்தியால் வாரி எடுப்பதிலேயே பாதிப் படிப்பு முடிந்துவிடும். அகலம் பிசகினால் பெட்டியின் வாய் கோணும். அம்மம்மாவுக்குக் கண் மங்கிய பிறகும் விரல் மங்கவில்லை. நான் இழைத்த பாதிப் பெட்டியை வாங்கித் தடவிப் பார்த்தே, “இஞ்ச ஒண்டு தவறவிட்டிட்டாய் பிள்ளை” என்று சரியான இடத்தில் நகத்தை வைப்பார்.

பிள்ளைகளுக்குப் பெட்டியிலிருந்து தொடங்குவதில்லை. காத்தாடி, பாம்பு, கிளி, பிறகு நான்கு ஓலையில் சிறு சதுரம், பிறகு கொட்டைப்பெட்டி என்ற சிறு ஓலைப்பெட்டி. ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று விரல் பழகும்போது ஒற்றை, இரட்டை தானாகப் படிகிறது. இளையவன் இப்போது சதுரத்தில் நிற்கிறான். பிழைத்ததை அவன் பிரித்து மறுபடி தொடங்குவதை நான் தடுப்பதும் இல்லை, திருத்துவதும் இல்லை. சிறு பிள்ளைக்கு ஒரு வேலையில் பொறுமை வரவேண்டுமானால், அந்த வேலைக்கு ஒரு பயன் இருப்பது அவனுக்குத் தெரிய வேண்டும். மூத்தவள் இழைத்த கொட்டைப்பெட்டியில்தான் அம்மம்மா இப்போது வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார்.

மழைக்காலம் வன்னியில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் காலம் அல்ல. முதல் மழையோடு வெல்வெட்டுப் போன்ற சிவப்பில் தம்பளப்பூச்சிகள் வரும். வேலியில் கார்த்திகைப்பூ பூக்கும். அதன் எல்லாப் பாகத்திலும், கிழங்கில் மிகுதியாக, கொல்கிசின் என்ற நஞ்சு இருப்பதால், அந்தச் செடியைக் கண்ணால் மட்டும் பார்க்க வேண்டும் என்பது வீட்டின் கண்டிப்பான விதி. பார்த்ததை நிறம் மாற மாற வரையலாம்; மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் அந்த இதழ்களை வரைவதற்கு ஒரு வாரம் வேண்டும். கார்த்திகை விளக்கீட்டுக்கான சிட்டிகளை, அதாவது சிறு அகல் விளக்குகளை, நாங்களே செய்கிறோம். குளத்தடிக் களிமண்ணைத் தனியாகப் பிடித்தால் காயும்போது வெடிக்கிறது. கொஞ்சம் மணல் கலந்து பிசைந்து, வெயிலில் வைக்காமல் நிழலில் காயவிட்டு, பிறகு உமிக் குவியலுக்குள் புதைத்து மெதுவாகச் சுட்டால் பெரும்பாலானவை நிற்கின்றன. சுடாத சிட்டி எண்ணெயைக் குடித்துவிடும் என்பதை இளையவன் ஒன்றைச் சுடாமல் வைத்தே கண்டுபிடித்தான்.

தைப்பொங்கலைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. அதை எல்லோரும் செய்கிறார்கள். மாரி மழையில் விளையும் காலபோக நெல் வீட்டுக்கு வருவதற்கு முன், விதைப்பிலிருந்து கதிர் வரை பிள்ளைகள் வரம்பில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டுமே என் விருப்பம். மூன்றரை மாத நெல்லும், கூடிய நாள் எடுக்கும் மொட்டைக்கறுப்பனும் ஒரே நாளில் விதைத்தால் ஒரே நாளில் முற்றாது என்பது அவர்களுக்குத் தெரியும். வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் காலில் காயம் இருக்கும் நாளில் வரம்போடு நிறுத்திக்கொள்கிறோம்.

அறுவடை முடிந்து வயல் வெளித்ததும் பட்டம். சட்டத்துக்கு ஈர்க்கு, ஒட்டுவதற்கு நறுவிலிப் பழம். பழத்தைப் பிதுக்கினால் வரும் பசை கடைப் பசையிலும் நன்றாகப் பிடிக்கிறது. அது இல்லாத நாளில் விளாம்பிசினைத் தண்ணீரில் ஊறவைக்கிறோம். வாடை, கொண்டல், சோளகம் என்ற காற்றுகள் எந்தப் பக்கத்திலிருந்து வருகின்றன என்பதைப் பட்டம் பிடித்த பிள்ளை மறப்பதில்லை.

வைகாசி வந்தால் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல். கடல் நீரில் விளக்கெரியும் அந்தக் கோவிலுக்குப் போகும் ஆட்கள் எங்கள் வீதியை நிறைக்கும் நாட்களில் பாடம் என்று எதுவும் நடக்காது, நடக்கவும் தேவையில்லை. அதை ஒட்டிய வெயில் காலத்தில்தான் காட்டில் பாலை பழுக்கிறது. பாலைப்பழத்தைத் தின்னத் தெரியாதவர்கள் வன்னியில் இல்லை: சிறிய மஞ்சள் பழம், தேன்போல இனிப்பு, தின்னத் தின்ன உதடு இரண்டும் பிசினால் ஒட்டிக்கொள்ளும், தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். எங்களைப் போலவே கரடிக்கும் அந்தப் பழம் உயிர். பழக் காலத்தில் அது மரத்திலேயே ஏறி இருக்கும் என்பதால், மரத்தடிக்குப் போகுமுன் மேலே பார்க்க வேண்டும், பட்டையில் புதிய நகக்கீறல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பேசிக்கொண்டே நடக்க வேண்டும். இவற்றை என் கணவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவருக்கு அவருடைய தகப்பனார் சொல்லிக் கொடுத்தது.

அவருடைய தகப்பனாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிராத பாடம் ஒன்றும் எங்கள் பிள்ளைகளுக்கு இருக்கிறது. மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை இருக்கும் பக்கம் ஓர் அடியும் வைப்பதில்லை. பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்குவதில்லை. மண்ணில் துருப்பிடித்த இரும்பையோ நிறமுள்ள குழாயையோ கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி, பெரியவர் ஒருவருக்குச் சொல்ல வேண்டும். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடி அகற்றும் வேலை எங்கள் மாவட்டத்தில் பல ஆண்டுகளாக நடக்கிறது, அதில் எங்கள் ஊர்ப் பெண்களும் வெயிலில் மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிண்டியிருக்கிறார்கள். பாலைப்பழம் பொறுக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்ல எனக்கு நெஞ்சு வலிக்கிறது. ஆனாலும் காட்டைக் காட்டாமல் வளர்ப்பது என்ற முடிவுக்கு நாங்கள் வரவில்லை. நாங்கள் விறகுக்கும் பழத்துக்கும் தேனுக்கும் நம்பி வாழ்ந்த காட்டை, பிள்ளைகள் பயத்தோடு மட்டும் அறிந்துகொள்ளும்படி விடக் கூடாது. அதனால் சுத்தமான இடம் என்று உறுதியாகத் தெரிந்த பாதைகளில், பெரியவரோடு, ஒவ்வோர் ஆண்டும் போகிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் சிலர் மொண்டிசோரி, வால்டோர்ஃப் என்று இணையத்தில் பார்த்து மர விளையாட்டுச் சாமான்களை அனுப்பட்டுமா என்று கேட்கிறார்கள். அந்தக் கல்வியாளர்களைப் பற்றி நானும் வாசித்தேன். 1907 இல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் பள்ளி தொடங்கிய மரியா மொண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பழகும்படி செய்தார். 1939 இல் சென்னைக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். ருடோல்ஃப் ஸ்டைனர் 1919 இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஒரு சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியின் வழிவந்தவர்கள், பருவங்களைக் கொண்டாடுவதையும் கைவேலையையும் முன்வைத்து, எழுத்தை ஆறேழு வயதுக்குத் தள்ளி வைக்கிறார்கள். இவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதுவிக்கும் ஏடுதொடக்கம் எங்களிடம் எவ்வளவோ காலமாக இருக்கிறது. விஜயதசமியில் ஒருமுறை செய்துவிட்டு விட்டுவிடாமல், நாங்கள் சுளகில் மணலைப் பரப்பி வைத்திருக்கிறோம். இளையவன் விரும்பும் நாளில் விரலால் எழுதுகிறான், விரும்பாத நாளில் அதில் வாய்க்கால் வெட்டுகிறான். உறவினர்களிடம் நான் கேட்பது நல்ல கத்தரிக்கோலும் நிறப் பென்சிலும் மட்டும்தான்.

இது இலகுவான வழி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் வீட்டில் தையல் செய்பவள். பிள்ளையோடு செய்யும் எந்த வேலைக்கும் தனியாகச் செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். அம்மம்மாவும் மாமியும் அருகில் இல்லாவிட்டால் என்னால் முடிந்திருக்காது. பிள்ளைகளின் உதவி ஒருபோதும் கூலிக்குப் பதிலான வேலையாக மாறிவிடக் கூடாது என்பதிலும் கவனமாக இருக்கிறோம்: களைத்தால் விட்டுவிட்டுப் போகலாம், வெயில் ஏறினால் வேலை நின்றுவிடும். போன் இல்லாத வீடும் இல்லை எங்களுடையது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கவரேஜ் தேடி மதகில் ஏறி நின்று பாடத்தை எடுத்துக்கொண்டிருந்த அயல் பிள்ளைகளைப் பார்த்தவள் நான். கையருகே இருந்த வயலும் வாய்க்காலும் அவர்களுடைய பாடத்துக்குள் வரவே இல்லை என்பது அன்றிலிருந்து எனக்கு ஆறாத வருத்தம்.

மூத்தவள் தரம் 1 இல் சேர்ந்தபோது எழுத்துகளில் பாதிதான் அறிந்திருந்தாள். முதல் தவணையில் மாமியின் பயம் எனக்கும் கொஞ்சம் தொற்றியது. ஆசிரியை அவசரப்படாதவராக வாய்த்தது எங்கள் நல்ல காலம். இரண்டாம் தவணையில் அவள் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகளில், மழைக்கால உயிர்கள் என்ற இடம் வந்ததும் வகுப்பில் நிறுத்தாமல் பேசியதாக ஆசிரியை சொன்னார்.

இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் வாக்குவாதம், நல்ல பாடசாலைக்கு இடம் வாங்கித் தரும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியது. தரம் 3 இலிருந்தே பின்னேர வகுப்புக்கு அனுப்பாவிட்டால் தரம் 5 இல் வெட்டுப்புள்ளியை எட்ட முடியாது என்று என் கணவர் நினைக்கிறார்; வெயில் தாழ்ந்த பிறகு வளவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தைக் கொடுத்து அந்தப் புள்ளிகளை வாங்க நான் விரும்பவில்லை. அவர் படித்த காலத்தில் ஒரு நல்ல பாடசாலைக்கு இடம் கிடைக்காமல் போனதன் வலி அவருக்கு இருக்கிறது என்பதால் அவருடைய பயத்தை நான் தள்ளிவிடுவதில்லை. தரம் 4 வரை வகுப்பு இல்லை, அதன் பிறகு மூத்தவளையே கேட்பது என்று இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறோம்.